ஆறு மணிவரை இரவு

மும்பையின் கோவண்டி ஸ்டேஷனில் காலை ஐந்து மணிக்கே லோக்கல் ரயிலுக்கு ஆள் நிற்கும். வேலைக்குப் போகும் அக்காக்களுக்கு அது பட்டப்பகல். விமானிக்கோ ஆறு மணிவரை இரவு. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் அப்படித்தான் பணிநேர விதி எழுதியது. அதற்குமுன் இரவு ஐந்து மணிக்கே முடிந்துகொண்டிருந்தது.

கூடவே வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவுப் பணியில் ஆறு தரையிறக்கம் இரண்டாகச் சுருங்கியது. விமான கம்பெனிகள் பதறின. 2024 ஜூனில் வரவேண்டியது தள்ளிப்போய், டெல்லி உயர்நீதிமன்றப் படியேறி, 2025 ஜூலையில் பாதியும் நவம்பரில் மீதியுமாக வந்தது. தூக்கத்தையும் இ.எம்.ஐ.யில்தான் கொடுப்போம்!

அடுத்த மாதமே இண்டிகோ நிறுவனம் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே சொன்ன விதிக்கு ஆள் திட்டம் போட்டதில் கணக்குத் தப்பிவிட்டதாம். பயணிகள் பெட்டியோடு தரையில் படுத்தார்கள். உடனே இயக்குநரகம், 'விடுப்பை வார ஓய்வாகக் கணக்கிடக் கூடாது' என்ற விதியைத் திரும்பப் பெற்றது. அதன்படி விடுப்பு எடுத்து ஊருக்குப் போய்த் தங்கை கல்யாணத்தில் விடிய விடியப் பந்தி பரிமாறினாலும் அது ஓய்வுதான்.

ஓய்வு போதாதென்று வேலையை விடுவதும் எளிதல்ல. புதிதாகச் சேரும் கோ-பைலட் லட்சக்கணக்கில் செலவழித்துப் பயிற்சி முடித்து வருகிறார். பிடிக்கவில்லை என்று கிளம்பினால் 2017 விதிப்படி ஆறு மாத நோட்டீஸ். கேப்டனானால் ஒரு வருடம். பதவி உயர்வென்றால் சும்மாவா?

இதையெல்லாம் பக்கத்துக் கட்டட வாட்ச்மேன் அண்ணனிடம் சொன்னேன்.

"நமக்கு நோட்டீஸும் இல்ல, ரூல்ஸும் இல்ல தம்பி. தூக்கம் வந்தா நாற்காலி இருக்கு" என்றார்.