டேபிள் அண்ணாச்சி

சாரல் விழுந்தால்தான் ஊருக்கு சீசன். டேபிள் அண்ணாச்சிக்கோ, குற்றாலத்து லாட்ஜ்காரர் போன் போட்டு, "வெப்சைட்ல ரூம் வாடகையக் கூட்டணும்" என்று சொன்னால்தான் சீசன்.

தென்காசியில் இப்படி ஒருவரல்ல, பலர் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் எச்டிஎம்எல் கற்றவர்கள், அதோடு கற்பதை நிறுத்திக்கொண்டவர்கள். பக்கம் வடிவமைப்பது என்றால் டேபிள் போடுவது. டேபிளுக்குள் டேபிள், அதற்குள்ளும் ஒன்று, பார்டர் மட்டும் பூஜ்யம். இடைவெளி வேண்டுமென்றால் ஒரு பிக்சல் அகலத்தில் நிறமில்லாத ஒரு கிஃப் படத்தை இழுத்து நீட்டி நடுவில் சொருகுவார் அண்ணாச்சி. அதை யாராவது அழித்தால் பேரருவி போய் வாடகைப் பட்டியலில் விழும். ஐந்தருவிக்குக் குளிக்கப் போனாலும் அவர் கண்ணுக்கு ஒரு வரி, ஐந்து கட்டம்.

டேபிளே இல்லாமல் எதையும் நினைத்த இடத்தில் வைக்க வந்த லேயர் என்று சொன்னால் போதும், முகம் மாறிவிடும். 1997இல் நெட்ஸ்கேப் 4 பிரவுசர் லேயரைக் கொண்டுவந்ததையும், எக்ஸ்ப்ளோரர் அதைச் சீண்டாததையும், நெட்ஸ்கேப் 6இல் அவர்களே அதைக் கைகழுவியதையும், கருமாதிக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தவர் தோரணையில் சொல்வார்.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. யூனிகோடு பரவும் முன்பு தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு. பார்ப்பவர் கம்ப்யூட்டரில் எழுத்து கொஞ்சம் பெருத்தாலும், லேயரில் 'குளிர்சாதன வசதியுள்ள அறை' அடுத்த வரியில் இருக்கும் வாடகை மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். டேபிளில் கட்டம் தானாக நீண்டு கொடுக்கும். தமிழ்ச் சொல்லின் நீளம் தெரிந்தவர்கள் அன்றைக்கு டேபிளைத்தான் நம்பினார்கள்.

அக்கா மகன் மத்தளம்பாறை ஜோஹோவில் இருக்கிறான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னான்:

"மாமா, இப்பம் எல்லாம் கிரிட்டு. 2017லயே எல்லா பிரவுசர்லயும் வந்துட்டு."

"அதுல வரி உண்டுமால?"

"உண்டு மாமா."

"காலம்?"

"அதுவும் உண்டு."

"பொறவு என்னல? டேபிளுக்குப் பேர மாத்தி வச்சிருக்கான்!"

போனில் அந்த லாட்ஜ் பக்கத்தைத் திறந்தால் அருவி பாதிதான் தெரிகிறது, மிச்சத்தை விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று அவன் காட்டினான். "மெயினருவிய முழுசாப் பாக்கணும்னா நேர்லயே கழுத்தைத் திருப்பணும்லா?" என்றார் அண்ணாச்சி. பதில் இல்லை.

போன சீசனில் அந்த லாட்ஜுக்குச் சலுகை மெயில் ஒன்றை மருமகனே செய்து கொடுத்தான். அவுட்லுக்கில் திறந்தவர்களுக்கு எல்லாம் சிதறிக் கிடந்தது. 2007இலிருந்து விண்டோஸ் அவுட்லுக், மெயிலை வேர்டை வைத்துத்தான் காட்டி வந்தது. வேர்டிடம் கிரிட்டு செல்லாது, டேபிள் செல்லும்.

"மாமா, அந்தப் பழைய ஃபைலு ஒண்ணு தருவியளா?"

அண்ணாச்சி ஒன்றும் கேட்கவில்லை. வண்டியை பார்டர் பரோட்டா கடைக்கு விடச் சொன்னார். கோழி மட்டும் ரெண்டு பிளேட். பில் மருமகன் பக்கம்.