பரணில் உறங்கும் லென்சும் கூந்தன்குளத்து நாரையும்

கேள்வி: ஃபிலிம் காலத்தோடு கேமராவை மூட்டைகட்டிவிட்டு, ஓய்வு பெற்றபின் மீண்டும் படமெடுக்க விரும்புபவர் பழைய நிக்கான் லென்சுகளை வைத்துக்கொள்வதா, விற்பதா? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: முதலில் அவற்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது நல்லது. உள்ளே சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால், பரணின் ஈரத்தில் பூஞ்சை குடியேறிவிட்டது என்றும், அது வாடகை தரப்போவதில்லை என்றும் கொள்ளலாம். கண்ணாடி தெளிவாக இருப்பின், 1959இல் அறிமுகமான எஃப் மவுண்ட், அதாவது லென்சைக் கேமராவுடன் பிணைக்கும் வளையம், கொண்ட லென்சுகளில் 1977க்குப் பிந்தைய பெரும்பாலானவை, 2018இல் வந்த இசட் வரிசை மிரர்லெஸ், அதாவது உள்ளே ஆடியில்லாத, கேமராக்களில் எஃப்டிஇசட் என்னும் இணைப்பான் வழியாகப் பொருந்துமாயினும், தமக்குள் மோட்டார் இல்லாதவற்றில் ஆட்டோஃபோகஸ், அதாவது கேமரா தானே குவியம் தேடும் வசதி, இயங்காது.

ஆனால் அது எங்கும் குறையாகிவிடாது: கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்கள், கையால் ஃபோகஸ் திருப்பி முடிக்கும்வரை அசையாமல் நிற்கும். மண்டபத்தின் மங்கிய ஒளிக்கு, கூடுதல் ஒளியை உள்ளே விடும் பழைய 50 மி.மீ. எஃப்/1.8 லென்சே போதும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்து நாரைகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அங்கே ஆட்டோஃபோகஸ் உள்ள டெலி லென்ஸ், அதாவது தொலைவிலுள்ளதை அருகே காட்டும் லென்ஸ், இன்றியமையாதது. ஃபிலிம் சட்டகத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 300 மி.மீ. லென்ஸ் 450 மி.மீ.க்குரிய காட்சிக்கோணத்தைத் தருவதால், செலவோடு தோள்வலியும் குறையும்.

ஆகவே 50ஐ விற்க வேண்டாம். இசட் வரிசையின் ஏபிஎஸ்-சி கேமராவையும் எஃப்டிஇசட் இணைப்பானையும் டெலி லென்சையும் மட்டும் புதிதாக வாங்குக.