கோழி தின்ற கோதுமை

கேள்வி: அமெரிக்காவில் மாநிலங்களின் உரிமை பெரிது என்கிறார்களே, மத்திய அரசின் கை அங்கே எதுவரை நீளும்?

பதில்: கோழிக்கூண்டு வரை நீண்டிருக்கிறது! ஒஹையோ மாநில விவசாயி ராஸ்கோ ஃபில்பர்னுக்குக் கோதுமை விதைக்க மத்திய அரசு தந்த அனுமதி 11.1 ஏக்கர், அவர் விதைத்தது 23. 1941 அறுவடையில் கூடுதலாக வந்த 239 புஷலுக்கு, புஷலுக்கு 49 சென்ட் அபராதம். அது தன் வீட்டு ரொட்டிக்கும் மாடு, கோழிகளுக்கும்தான் என்று அவர் வழக்குப் போட்டார்.

அரசியலமைப்பு மத்திய அரசுக்குத் தந்தது மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம். களத்திலிருந்து தொழுவத்துக்குப் போகும் தானியம் எந்த எல்லையைத் தாண்டுகிறது? 1942இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: வீட்டில் விளைந்தால் கடையில் வாங்க மாட்டார், எல்லாரும் அப்படிச் செய்தால் நாடு முழுக்கச் சந்தை ஆடும்.

கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்குக்குத் தப்பும் அடுப்படி ஒன்றாவது உண்டா? அதுதான் எனக்கு உறுத்துகிறது. சுமார் அறுபது ஆண்டுகளில் முதல்முறையாக, 1995இல் அந்தக் கையை நீதிமன்றம் தடுத்தது. பள்ளிக்கூடத்துக்கு அருகில் துப்பாக்கி வைத்திருப்பது வணிகம் ஆகாது என்று, 5-4 பெரும்பான்மையில் ஒரு மத்தியச் சட்டம் செல்லாமல் போனது. 2005இல் கலிபோர்னியாவில், மருந்துக்காக வீட்டில் வளர்த்த கஞ்சாச் செடிக்கு மாநிலச் சட்டம் அனுமதி தந்திருந்தும் மத்திய அரசே வென்றது. கைகொடுத்தது ஃபில்பர்னின் கோதுமை!