விதைக்கோட்டையும் உங்க அப்பன் ரசீதும்

வா மக்ளே, இரி. பெங்களூருல கருமுட்டைய ஐஸ்ல வைக்கப் போறியாமே? உன் அம்மை அழுத அழுகை ஒழுகினசேரி வரைக்கும் கேட்டிருக்கும். பாட்டா சிரிச்சதுதான் ஒருத்தருக்கும் கேக்கல்ல.

நமக்கு இது புதுசா? அறுப்பு முடிஞ்சதும் நல்ல நெல்லாப் பாத்துக் காயவச்சு, வைக்கோல் சுத்தி, சாணி மெழுகி, விதைக்கோட்டை கட்டிப்போடுவோம். கஞ்சிக்கு வழியில்லேன்னாலும் அதுல கை வைக்க மாட்டோம். எங்களுக்குச் சாணி, உனக்கு மைனஸ் 196 டிகிரி நைட்ரஜன். செரிதானே?

முட்டைக்குள்ள பெரும்பாலும் தண்ணியாக்கும். பைய உறைஞ்சா ஐஸ் ஊசி ஊசியா முளைச்சுக் குத்திப்போடும். அதனால சடக்குன்னு குளிரவச்சுக் கண்ணாடி மாதிரி ஆக்கிடுகான். சீனிப்பாகு பைய ஆறினா கற்கண்டு, சட்டுன்னு ஆறினா கண்ணாடி மிட்டாய். உங்க ஆச்சிக்குத் தெரிஞ்ச வித்தைதான். என்ன, அவ பீசு வாங்கல்ல.

1990-ல மெட்ராஸ்ல ஜெமினி கணேசன் மக, டாக்டர் கமலா செல்வராஜ், தென்னிந்தியாவுக்கே முதல் சோதனைக்குழாய்ப் பிள்ளையக் கொண்டுவந்தா. 'குப்பிக்குள்ள பிள்ளையா!'ன்னு நம்ம தெருவே மூக்குல விரல வச்சுது. இப்போ அதே விரலு பேத்திக்காக டாக்டருக்குப் போன் போடுகு.

ஆனா ஒண்ணு சொல்லுகேன், கேட்டுக்கோ. பொம்பளப் பிள்ளை பொறக்கையில 10 லட்சத்துக்கு மேல முட்டை. பெரியவளாகையில 3, 4 லட்சம். 37 வயசுல ஏறக்குறைய 25,000. புதுசா ஒண்ணும் ஊறாது. 1997-ல உலக அழகியான டயானா ஹேடன் முப்பதுகள்லயே முட்டைய எடுத்து வச்சா. எட்டு வருஷம் கழிச்சு, 2016-ல, 42 வயசுல பிள்ளை பெத்தா. அவளுக்கு வயசு ஏறிச்சு, முட்டைக்கு ஏறல்ல. அதக் கேட்டுட்டு நீ 42-ல எடுக்கப் போகாதே. பதரக் கோட்டை கட்டினா பதர்தான் கிடைக்கும்.

பத்து முட்டை வச்சா பத்து பிள்ளைன்னும் எண்ணாதே. விதைச்சதெல்லாம் முளைக்காது, முளைச்சதெல்லாம் கதிராவாது. பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி குத்துவான், அப்புறம் மயக்கம் குடுத்து எடுப்பான். 2021 சட்டப்படி பத்து வருஷந்தான் வைக்கலாம். நம்ம பத்தாயத்துக்குக் கூட அப்படிச் சட்டம் கிடையாது.

பின்ன, உங்க அப்பன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான் பாரு. ஆறு வருஷமா ஜாதகக் கட்டத் தூக்கிட்டு அலைஞ்சது ஆரு? ஒருத்தனுக்குச் செவ்வாயாம், ஒருத்தன் வீட்டுல 50 பவன் கூடக் கேட்டானாம், ஒருத்தனுக்கு முன்மண்டையில முடி இல்லியாம். பன்னிரண்டு கட்டமும் பாத்த பய, மகளுக்கு வயசு ஏறுகத மட்டும் பாக்கல்ல.

வச்சதுக்கு வருஷாவருஷம் வாடகை கேப்பானாம்லா? ரசீத அப்பன் பேருல எழுதச் சொல்லு மக்ளே.