பல்லைப் பிடிச்சுப் பாரு மாப்ளே

உக்காரு மாப்ளே. தம்பி, ரெண்டு டீ போடு, ஒண்ணுல சீனி வேணாம்.

அந்த போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடி. கிட்டக் காட்டுனா என் கண்ணுக்கு ஆட்டுக்குட்டியும் ஆனையும் ஒண்ணு. ம்ம்... கடலு தெரியுது. கரையில அஞ்சாறு வெள்ளைத் தூணு நிக்குது. தலைமாட்டுல கொஞ்சம் கல்லு, பின்னாடி சூரியன் விழுந்துக்கிட்டு இருக்கு. நல்லாத்தான் இருக்கு. துருக்கி தேசமா? ஊரு பேரு என்ன சொன்ன, சைடா? பரோட்டாவுக்கு சைடு என்னன்னு கேளு, சால்னான்னு டக்குனு சொல்லிப்புடுவேன். ஒரு ஊருக்கே சைடுன்னு பேரு வச்சா மெயினு எங்கிட்டு இருக்கு?

அவிங்க வாயில அது 'சீதே'யா? அப்பச் சரி. அந்தக் காலத்துப் பாசையில மாதுளைன்னு அர்த்தமா? அடப்பாவி, மாதுளை பாக்கவா ரெண்டு பிளைட்டு மாறிப் போற? இந்தா, மாட்டுத்தாவணிப் பழ மார்க்கெட்டு. நாலெட்டு நடந்தா மூட்டை மூட்டையாக் கிடக்கு. உரிச்சே தருவாய்ங்க.

கோவிச்சுக்கிறாதே. போக வேணாம்னு நான் சொல்லவே இல்ல. கல்யாணம் முடிஞ்ச புதுசு, ரெண்டு பேரும் சம்பாதிக்கிறீக, கம்பெனியில லீவு கொடுத்திருக்கான். போயிட்டு வாங்க. ஆனா உன் மாமன் மாட்டுத் தரகு பாத்தவன். எதைப் பாத்தாலும் பல்லைப் பிடிச்சுப் பாக்காம எனக்குத் தூக்கம் வராது.

நாம உக்காந்திருக்குற இந்த மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வந்தது 1999ல. அதுக்கு ரொம்ப முந்தி இந்த இடத்துக்கு வேற வேலை. தாவணின்னா உங்களுக்குப் பாவாடை தாவணிதான் தெரியும். மாடுகளை வரிசையாக் கட்டிப் போடுற நீளக் கயிறுக்கும் தாவணின்னுதான் பேரு. அப்படிக் கட்டுன சந்தைதான் மாட்டுத்தாவணி. வெலை பேசுறப்ப வாய் தெறக்க மாட்டாய்ங்க. தரகன் தோள்ல கிடக்குற துண்டை எடுத்து ரெண்டு பேரு கை மேலயும் போடுவான். உள்ள வெரலைப் பிடிச்சு அமுக்குனா ஒரு தொகை, இன்னொரு வெரலைத் தொட்டா இன்னொரு தொகை. வெளிய நிக்கிறவனுக்குத் துண்டு அசையிறது மட்டுந்தான் தெரியும். அப்பா எனக்கு முதல்ல சொல்லிக் கொடுத்தது ஒண்ணுதான்: கொம்புக்கு வர்ணம் அடிச்சுக் கொண்டு வந்த மாடுன்னா வாயைத் தெறந்து பல்லை ரெண்டு தடவை பாரு.

அந்தத் தூணு இருக்கே, அது வர்ணம் அடிச்ச கொம்பு. அப்போலோங்கிற சாமிக்கு ரெண்டாம் நூற்றாண்டுல கட்டுன கோயில். இடிஞ்சு தரையில கிடந்ததை 1980கள்ல எடுத்து நிறுத்தியிருக்காய்ங்க. தப்புன்னு சொல்லல, நல்ல காரியந்தான். ஆனா பல்லு எப்படி? கடல் கொள்ளைக்காரங்க ஆளுகளைப் பிடிச்சாந்து ஏலம் போட்ட சந்தை அந்த ஊரு. ஸ்ட்ராபோன்னு அந்தக் காலத்துக்காரரு ஒருத்தரே எழுதி வச்சிருக்காராம். நம்ம தாவணியில மாடு நின்னுச்சு, அவிங்க தாவணியில மனுசன் நின்னான். அந்தத் தூணுக்கு முன்னால பல்லைக் காட்டிப் படம் எடுக்குறப்ப இதையும் ஒரு நிமிசம் நெனைச்சுக்க.

சரி, டீயைக் குடி. ஆறிப்போச்சு.

மெடிட்டரேனியன், மெடிட்டரேனியன்னு காலையில இருந்து நாப்பது தடவை சொல்லிட்ட. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் தெரியுமா? நான் அஞ்சாப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனா காது ரெண்டும் நல்லாப் படிச்ச காது. லத்தீன் படிச்ச சாமியார் ஒருத்தரு இதே பெஞ்சுல உக்காந்து சொன்னாரு. நெலத்துக்கு நடுவுல இருக்குறதுன்னு அர்த்தமாம். ரோமாபுரியில பிளினின்னு ஒருத்தரு, ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு, பாண்டியன் ஊரைப் பத்தி எழுதுறாரு. துறைமுகத்துல இருந்து வெகு தூரம் உள்ள தள்ளி இருக்குற ஊரு, பேரு மொதுரான்னு எழுதுறாரு. 'உள்ள தள்ளி இருக்குற'ங்கிறதுக்கு அவரு போட்ட வார்த்தை என்னங்குற? மெடிட்டரேனியோ! இப்பச் சொல்லு, நீ உக்காந்திருக்குறது எங்க?

அதே ஆளு இன்னொண்ணும் எழுதியிருக்காரு. வருசத்துக்கு அஞ்சு கோடி செஸ்டர்ஸு, அது அவிங்க காசு, இந்தியாவுக்குப் போயிருதேன்னு மூக்கால அழுதிருக்காரு. நம்மகிட்ட மிளகும் முத்தும் வாங்கித்தான். மிளகு சேரநாட்டு மலைச்சரக்கு, முத்து நம்ம கொற்கைச் சரக்கு. அவிங்க செப்புக்காசு மதுரை வைகை மணல்லேயே கிடைச்சிருக்கு. ரெண்டாயிரம் வருசமாக் கேக்காம விட்ட கடனை, நீ லோன் போட்டுக் கொண்டு போய் அடைக்கப் போறங்குற. அதுவும் ஜோடியா. நல்ல வம்சம்!

எகிப்துக்குச் செங்கடல் கரையில பெரனிகேன்னு ஒரு துறைமுகம். நம்ம சரக்கு அங்கன எறங்கி, ஒட்டகத்து மேல ஏறி, நைல் ஆத்துல படகு மாறித்தான் உன் மெடிட்டரேனியன் கடலுக்கே போகும். அங்க ஒரு கோயிலைத் தோண்டுனா, இந்தியாவுல செஞ்ச பெரிய சாடி ஒண்ணு, உள்ள ஏழரைக் கிலோ மிளகு! கோயில்லேயே பதுக்கிட்டு எவனோ மறந்து போயிட்டான். அதே கரையில இன்னொரு துறை, குசேர்-அல்-காதிம். அங்கன கிடைச்ச பானை ஓட்டுல தமிழ் பிராமியில எழுதியிருக்கு, 'பானை ஒறி'ன்னு. ஒறின்னா நம்ம உறிதான் மாப்ளே. உங்க ஆச்சி மோர்ப்பானையை உத்தரத்துல தொங்கவிடுமே, பூனைக்கு எட்டக் கூடாதுன்னு, அதே உறி. கடல் தாண்டிப் போனவன் ராசா பேரையா எழுதுனான்? இது உறியில மாட்டுற பானைடா, எவனும் தூக்கிட்டுப் போயிறாதேன்னு எழுதியிருக்கான். இந்தக் காலத்து ஹாஸ்டல் பயலுக டிபன் பாக்ஸுல பேரு எழுதுற மாதிரி. எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடிச்சிருக்கு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். உனக்கு வேண்டியது கடற்கரை ஊரு, பழசா இருக்கணும், மெடிட்டரேனியன் வாடை அடிக்கணும். அவ்வளவுதானே? அழகன்குளம். இங்கன பஸ் ஏறுனா ராமநாதபுரம் சுமாரா 110 கிலோமீட்டர், அங்க எறங்கி டவுன் பஸ் மாறு. வைகை கடல்ல சேருற எடத்துல ஆத்தங்கரைன்னே ஒரு ஊரு உண்டு, அதுக்குப் பக்கந்தான். வைகை கடல்ல சேருதான்னு கேக்காத. இப்ப அது ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குள்ள போய்ப் படுத்துக்குது, கண்மாய் நிறைஞ்சு வழிஞ்சாத்தான் கடலு. ஆனா ஒரு காலத்துல அது பாண்டியன் வாசப்படி. அங்கன கோட்டைமேடுன்னு ஒரு மேடு. 1986ல இருந்து மாநிலத் தொல்லியல் துறை விட்டு விட்டுத் தோண்டுச்சு, கடைசியா 2016-17ல. ரோமாபுரிக் காசு, திராட்சை மது வந்த ஆம்போரா ஜாடிச் சில்லு, தமிழ் எழுத்துப் பொறிச்ச ஓடுன்னு வந்துச்சு. ஒரு ஓட்டுல கப்பலைக் கீறி வச்சிருக்கான். பாயி, கயிறு எல்லாம் தெரியுமாம். படிச்சவங்க பாத்துட்டு இது ரோமாபுரி மாதிரிக் கப்பல்னு சொல்றாங்க. கரையில வேலை இல்லாம உக்காந்திருந்த எவனோ, கப்பல் வர்றதைப் பாத்துக் கையில கிடந்த ஓட்டுல கிறுக்கியிருக்கணும்.

அங்க போனா தூணு இருக்குமான்னு கேப்ப. ஒரு குச்சி கூட இருக்காது. இதை முன்னாடியே சொல்லிப்புடுறேன், அப்புறம் மாமன் ஏமாத்திட்டான்னு உங்காத்தாகிட்டப் போய் நிக்கக் கூடாது. மேட்டு மேலயே சனம் வீடு கட்டிக் குடியிருக்கு. நம்ம ஆளு மண்ணுலயும் செங்கல்லுலயும் மரத்துலயும் பனையோலையிலயும் கட்டுனவன். மரத்தையும் ஓலையையும் கரையான் தின்னுரும், செங்கலைப் பின்னாடி வந்தவன் பேத்துக்கிட்டுப் போய்த் தன் வீட்டுக்குச் சுவரு வச்சுக்குவான். சலவைக்கல்லுல கட்டுனவன் ஊரு போட்டோவுக்கு நிக்கும், மண்ணுல கட்டுனவன் ஊரு குனிஞ்சு பாக்குறவனுக்கு மட்டுந்தான். நீ நிமிந்து பாத்தே பழகிட்ட.

இல்ல மாமா, இடிஞ்ச சுவரு இருந்தே ஆகணும், அலை அடிக்கணும், சூரியன் விழணும், மருமக படத்துல நல்லா வரணும்னா தனுஷ்கோடி போ. பவளப்பாறைக் கல்லுல கட்டுன சர்ச்சு, ஓடு போன ஸ்டேஷன், தண்ணித்தொட்டி எல்லாம் மணல்ல நிக்குது. 2017ல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடே போட்டாச்சு. ஆனா அதைப் பழசுன்னு சொல்லாத மாப்ளே. 1964 டிசம்பர்ல புயல் அடிச்சு ரயிலோட சனம் போன ராத்திரி எனக்கு மீசை முளைக்கல, ஆனா வெவரம் தெரியும். ஊரே ரேடியோவுக்கு முன்னால நின்னுச்சு. அங்க சிரிச்சுப் படம் எடுக்காதீக, அம்புட்டுத்தான்.

கீழடியை விட்டுட்டேனேன்னு பாக்காத. பன்னெண்டு கிலோமீட்டர், மியூசியம் 2023 மார்ச்சுல தெறந்தாச்சு, செட்டிநாட்டு வீடு கணக்கா இருக்கு. ஒரு மத்தியானத்துல பாத்துட்டு வந்துரலாம். தாயக்கட்டையும் வட்டுச்சில்லும் வச்சிருக்காங்க. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தியும் நம்ம பயலுக வேலை நேரத்துல ஆடித்தான் இருக்காய்ங்க. அவிங்களுக்குப் பொறந்தவன்தானே நீயி.

துருக்கிக்கும் போ. போயிட்டு வந்து அந்தத் தூணோட ஒசரம் எவ்வளவுன்னு சொல்லு, கேட்டுக்கிறேன். ஆனா அந்த டிக்கெட்டு வர்ற மாசந்தானே? இன்னைக்கு உனக்கு லீவு, மருமகளும் அவ அம்மா வீட்டுல இருக்கா. அந்தா, ராமநாதபுரம் பஸ்ஸு உறுமிக்கிட்டு நிக்குது. டீக்காசை நான் கொடுத்துட்டு வர்றேன். நீ ஓடிப்போயி ரெண்டு சீட்டுப் பிடி. சன்னலோரம் எனக்கு.