இறக்கி வைத்தலின் இலக்கணம்: தாராசுரத்து வீடொன்றில் ரேக் தேர்வு குறித்த ஆய்வு

1. நோக்கம்

எடை தூக்குவதைப் பற்றி எழுதியவர் பலர். தூக்கியதை எங்கே வைப்பது என்று கேட்டவர் சிலர். அந்தச் சிலருக்கும் வீடு தாராசுரத்தில் இல்லை. இக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. கருதுகோள்: வீட்டு ஜிம்மில் ரேக் என்பது தூக்க உதவும் கருவி அன்று, இறக்க உதவும் கருவி.

2. முன்னோர் சான்று

முதற்சான்று ஐராவதேசுவரர் கோயில். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே தூண் நிற்கிறது. தூணின் தலையில் போதிகை கை நீட்டுகிறது. அதன்மேல் உத்தரம் படுத்திருக்கிறது. தூணை இரும்பாக்கி, போதிகையைக் கொக்கியாக்கி, உத்தரத்தை 20 கிலோ பாராக்கினால் ரேக் தயார். ஒரே வேறுபாடு, உத்தரத்தை யாரும் தினம் காலையில் எடுத்து எடுத்து வைப்பதில்லை.

இரண்டாம் சான்று சாலையோரச் சுமைதாங்கி. நட்ட கல் இரண்டு, மேலே படுக்கைக் கல் ஒன்று. தலைச்சுமையோடு வருபவர் யாரையும் கூப்பிடாமல் சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு மூச்சு வாங்கலாம். கொக்கிக்கும் அதே வசதி வேண்டும். அதன் உயரம் தோளுக்குச் சற்றுக் கீழே. முழங்காலை லேசாக மடக்கி நிமிர்ந்தால் பார் கழன்று வரவேண்டும். குதிகால் எம்பினால் கொக்கி உயரம் தப்பு.

மூன்றாம் சான்று நாச்சியார்கோயில் கல் கருடன். மார்கழி, பங்குனித் திருவிழாக்களில் சன்னதியை விட்டுக் கிளம்பும்போது 4 பேர் சுமப்பார்கள். பிறகு கனம் ஏற ஏற 8, 16, 32, 64 என்று கூடி, வீதிக்கு வருகையில் 128 பேர் என்பது மரபு. ஜிம் மாஸ்டர்கள் வாரத்துக்கு இரண்டரை கிலோ ஏற்றச் சொல்கிறார்கள். கருடன் ஒரே புறப்பாட்டில் ஐந்து முறை இரட்டிக்கிறார். ஆனால் நாம் பார்க்கவேண்டியது எடையை அல்ல, ஆளை. கருடன் கனத்தால் தோள் கொடுக்க ஆள் சேரும். மாடியறையில் காலை ஐந்து மணிக்கு 80 கிலோ கனத்தால் யார் வருவார்?

3. மறுப்பும் விடையும்

"வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் பளுதூக்கலில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினாரே, மேடையில் ரேக் இருந்ததா?" எனலாம். இல்லை. அவர் தரையிலிருந்து தூக்கினார். முடிந்ததும் தரையிலேயே போட்டார். அந்தத் தரைக்குக் கீழே வாடகைக்குக் குடியிருப்பவர் எவரும் இல்லை.

4. கள ஆய்வு

போட்டி பாரின் நீளம் 2.2 மீட்டர். இருபுறமும் தட்டு மாட்ட ஆள் நிற்க இடம் விட்டால் பத்தடி அகலம் வேண்டும். கூடத்தில் குழித்தறி இருப்பதால் மாடியறையே கதி. அங்கே மின்விசிறி எட்டடியில் தொங்குகிறது. ஐந்தே முக்கால் அடி ஆள் பாரைத் தலைக்குமேல் நீட்டினால் பார் ஏழடியைத் தொடும். 45 செ.மீ. விட்டமுள்ள தட்டு அதற்கும் மேலே முக்கால் அடி எழும்பும். மிச்சம் மூன்று அங்குலம். ஆகவே விசிறியா, வீரமா என்பதை ரேக் வாங்குமுன் முடிவு செய்தல் நலம்.

சுவரில் போல்ட் அடித்து மாட்டும் மடக்கு ரேக் இடத்தை மிச்சப்படுத்தும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரிலோ போல்ட்டோடு சுவரும் வந்துவிடும்.

5. வகைப்பாடு

இரண்டு கால் ஸ்டாண்டு விலை குறைவு. எடுத்து ஓரமாக வைக்கலாம். தோளில் பாரோடு உட்கார்ந்தவர் எழ முடியாமல் போனால் அதுவும் அவரோடு சேர்ந்து வேடிக்கை பார்க்கும். நான்கு கால் பவர் ரேக்கில் உள்ளே இரண்டு குறுக்குக் கம்பிகள் உண்டு. எழ முடியாவிட்டால் இன்னும் இரண்டு விரற்கடை தாழ்ந்தால் போதும், பார் கம்பியில் உட்காரும், ஆள் ஊர்ந்து வெளியே வரலாம். கல் கருடனுக்கு 127 பேர் செய்யும் உதவியை இவ்விரு கம்பிகளே செய்கின்றன.

எனவே கடையில் பெயின்ட் நிறத்தைப் பார்க்காமல் துளைகளைப் பார்க்கவும். துளைக்குத் துளை ஐந்து செ.மீ.க்கு மேல் போனால், படுத்தபடி பாரைத் தூக்கும்போது ஒரு துளையில் கம்பி பாதி வழியில் முட்டும். அடுத்த துளையில் விலா எலும்பு கம்பியின் வேலையைப் பார்க்கும். இரும்பின் கனம் 3 மி.மீ. இருக்கட்டும். ஏழடி நிலைக்கால்கள் ரேழியில் திரும்புமா என்று முதலில் ஒரு மூங்கிலைத் திருப்பிப் பார்க்கவும்.

6. முடிவு

ஆய்வேட்டைக் கேட்டபின் வீட்டு அத்தை எழுப்பிய வினா ஒன்றே: "ஏம்ப்பா, இதுல எத்தனை சிட்டம் நூல் காயப்போடலாம்?" கணக்கிட்டதில் இரண்டு கால் ஸ்டாண்டில் ஒரு வரிசை, பவர் ரேக்கில் மூன்று. இரு வேறு ஆய்வுநெறிகள் ஒரே முடிவுக்கு வந்திருப்பதால், பவர் ரேக்கே பரிந்துரைக்கப்படுகிறது.