மன்மதனுக்கு மாசியில் கால்ஷீட்

லண்டன் நாடகக் கம்பெனிகள் வரும் சீசனுக்கான பட்டியலைப் பளபளக்கும் தாளில் அச்சடித்துச் சந்தா கேட்கும். இலங்கையின் திகன சந்தியில் அப்படியொரு தாளைத் தேடிப் பயனில்லை. மலையகத்துப் பட்டியல் பாட்டன் காலத்திலேயே முடிவானது: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். புதுமை இல்லையே என்று எந்த விமர்சகரும் இதுவரை அழுததில்லை. அழுகிற வேலையை ரதி பார்த்துக்கொள்வாள். அவளும் வழக்கமாக மீசை மழித்த ஓர் ஆண்பிள்ளைதான்!

மியூசிக்கல் வேண்டுவோருக்குத் தப்பு மேளம் இருக்கிறது. ஒலிபெருக்கி தேவையில்லை, அடுத்த மலைக்கே கேட்கும். அரங்கச் செலவும் சொற்பம். பக்கத்து ராஜவெல்லயில் கோல்ஃப் ஆடப் பதினெட்டுக் குழி வேண்டும்; மாசி அமாவாசை கழிந்து காமன் கம்பம் ஊன்ற ஒரே குழி போதும். சில இரவுகள் பாட்டும் கல்யாணமுமாகப் போகும், பிறகு சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார்.

பட்டியலில் சேராத நாலாவது கூத்து, தோட்டத் தொழிலாளரின் சம்பள உயர்வு. மேடை கொழும்பில், பார்வையாளர் லயத்தில். நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்ற காட்சி வருஷக்கணக்கில் ஒத்திகையிலேயே கிடந்து, 2021இல்தான் வர்த்தமானியில் அரங்கேறியது. மறு ஆண்டே ரூபாய் சாம்பலானது. பொருளாதாரத்தை எரித்த இந்த நெற்றிக்கண் யாருடையது என்று சொல்ல 2023இல் உச்ச நீதிமன்றமே வரவேண்டியிருந்தது.